ஏழு கைகளுக்கு அரை நாற்காலி

எழுபதுகளின் நடுவில் லாஸ்பேட்டையில் கல்லூரியில் சேர்ந்தேன். புகுமுக வகுப்பில் அறுபத்திரண்டு பேர். என்னைத் தவிர அறுபத்தொரு பேருக்கும் ஏற்கெனவே நண்பர்கள் இருந்ததாகத்தான் தோன்றியது. நான் நெல்லித்தோப்பிலிருந்து தனியாக வந்தவன். என்னோடு பள்ளியில் படித்தவர்களில் பாதிப் பேர் அப்பா வேலை பார்த்த மில்லுக்குள் போய்விட்டார்கள், மீதிப் பேர் போகக் காத்திருந்தார்கள்.

பாடங்கள் பயமாக இல்லை. மதியச் சாப்பாட்டு மணிதான் பயம். டிபன் பாக்ஸோடு எங்கே, யாரோடு உட்காருவது? முதல் வாரம் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். நூற்றுக்கு மேல் சைக்கிள்கள். பெல் உள்ளவை பாதிகூடத் தேறாது. அதை எண்ணிக்கொண்டு சாப்பிடுகிறவனை யார் சேர்த்துக்கொள்வார்கள்?

கேன்டீனில் ஜன்னலோர மேசை ஏழு பேருடையது. ஏழு பேருமே சொல்தா வீட்டுப் பிள்ளைகள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்தப் பிள்ளைகள் போட்டிருந்த சட்டை பாரீசிலிருந்து சித்தப்பா அனுப்பியது, பூசியிருந்த சென்ட் அத்தை அனுப்பியது. மார்க் மட்டும் உள்ளூரில் எடுத்தது. அதனால் குறைச்சலாக இருந்தது. அந்த மேசையில் ஒரு இடம் கிடைத்தால் போதும், கல்லூரியை ஒருவழியாக ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை துணிந்து கிட்டே போனேன். ஏழு பேரும் பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக் கை நீட்டினார்கள். "போன்ழூர், முசியே!" ஏழு கைகளையும் குலுக்கினேன். எங்கள் தெருவில் கை கொடுப்பது பெரிய காரியம். பரீட்சையில் தேறினால் கொடுப்பார்கள், யூனியன் தேர்தலில் ஜெயித்தால் கொடுப்பார்கள். ஒரே நாளில் ஏழு நண்பர்கள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஏழு பேரா? அதுல ஒருத்தனாவது சாப்ட்டியான்னு கேட்டானா?" என்றாள்.

மறுநாள் உரிமையோடு போய் உட்கார்ந்தேன். நட்புதான் நேற்றே முடிவாகிவிட்டதே. ஏழு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களில் நெட்டையன் மட்டும், "முசியேவுக்கு இன்னிக்கிக் கை சுளுக்கா?" என்றான். புரியாமல் சிரித்துவைத்தேன். புதன்கிழமை நான் உட்கார்ந்த நாற்காலி வேறு மேசைக்குப் போயிருந்தது. வியாழக்கிழமை சட்டையை மாற்றிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அம்மாவின் சாம்பார் சாதத்தின் மேல் பழியைப் போட்டு எலுமிச்சைச் சாதம் கொண்டுபோனேன். முகங்கள் அப்படியே இருந்தன.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவன் உழவர்கரைக்காரன். விவசாயக் குடும்பம். விடியற்காலையில் டவுனில் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு வருவான். அவன்தான் கேட்டான்.

"என்னாடா, நீ அவனுங்களுக்குக் கை குடுக்க மாட்டேன்றியாமே?"

"திங்கக்கெழமையே குடுத்துட்டேனே."

அவன் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். "அது திங்கக்கெழமைக்கிடா! தெனம் காலையில குடுக்கணும், போவச்சொல்ல ஒருதபா குடுக்கணும். நான் பால் ஊத்துற சொல்தா வூட்ல அப்பனும் புள்ளையுமே எழுந்ததும் கை குடுத்துக்கிறானுங்க. ஒனக்குத் திமிருன்னு பேசிக்கிறானுங்கடா."

மில் தொழிலாளி மகனுக்குத் திமிர்! கல்லூரி எனக்குக் கொடுத்த முதல் பட்டம் அதுதான்.

அடுத்த திங்களிலிருந்து காலையில் ஏழு, மாலையில் ஏழு என்று குலுக்கினேன். ஒருவனுக்கு மறந்துபோய் ஒரே காலையில் இரண்டாம் முறை நீட்டிவிட்டேன். அதுவும் குற்றமாம். "கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி என்னைப் பாத்ததே ஞாபகமில்லையா?" என்று முகம் சுளித்தான். அதன் பிறகு கொடுத்த கை எது, கொடுக்காத கை எது என்று மனசுக்குள் கணக்கு வைத்துக்கொண்டேன். இத்தனைக்கும் கூலியாக மேசை மூலையில் இடம் கிடைத்தது. இடம் என்றால், குள்ளமான ஒருவனோடு பங்கிட்ட அரை நாற்காலி. பேச்சு முக்கால்வாசி பிரெஞ்சு. எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன், கொஞ்சம் பிந்தி. ஒரு மாதமாகியும் என் வீடு எந்தப் பக்கம் என்று அவர்களில் ஒருவன்கூடக் கேட்கவில்லை.

ஒருநாள் குள்ளன் தன் ஒன்றுவிட்ட தம்பியைக் கூட்டி வந்து பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். அரை நாற்காலியும் போயிற்று. ஏழு பேரும் மிகுந்த மரியாதையோடு எனக்குக் கை கொடுத்தார்கள், தம்பியும் கொடுத்தான். எட்டுக் கைகள் குலுக்கிவிட்டு, உட்கார இடமில்லாமல் வெளியே வந்தேன்.

எதிரே மரத்தடியில் உழவர்கரைக்காரனும் இன்னும் நாலு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பழக்கதோஷத்தில் அவனிடம் கையை நீட்டினேன். அவன் அந்தக் கையை ஏற இறங்கப் பார்த்தான்.

"மொதல்ல போயி கழுவிக்கினு வா. எத்தினி பேரு கையப் புடிச்சிட்டு வந்தியோ."

"எங்கடா உக்கார்றது?"

"இவ்ளோ தரை கெடக்குது, கண்ணு தெரியல?"

டிபன் பாக்ஸை அங்கேயே வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் பாக்ஸ் திறந்து கிடந்தது. அம்மா வைத்த இரண்டு முட்டையும் காணோம். யார் எடுத்தது என்று கேட்டேன். ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். அந்த ஐவரில் மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள். மூவரும் இன்றைக்கும் போய்ச் சேர்ந்துவிட்ட இருவர் மேல்தான் பழியைப் போடுகிறார்கள்.