ஒரு பீப்பாய்க்காக

எங்கள் தோட்டத்துக்கு நூறு வயது ஆனதை ஒட்டி என் தம்பி ரெஜி ஒரு மடிப்புத்தாள் அச்சடித்திருக்கிறான். பூச்சி தின்று அழித்த நிலத்தைக் கொள்ளுத்தாத்தா வாங்கி மறுபடி கொடி நட்டது, தாத்தா பாறையைக் குடைந்து நிலவறை கட்டியது, அப்பா பாரிஸில் பதக்கம் வாங்கியது, ரெஜி புது இயந்திரங்களைக் கொண்டுவந்தது, எல்லாம் அதில் இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் எங்கள் ஒயின்களின் வரிசை. மெல்லிய சிவப்பு, ஷார்தொனே வெள்ளை, வைக்கோலில் உலர்த்திய திராட்சையின் இனிப்பு ஒயின். அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்: "மஞ்சள் ஒயின் தற்போது தயாரிப்பதில்லை."

மஞ்சள் ஒயினுக்கே பேர்போன எங்கள் ழுரா மலையடிவாரத்தில் ஒரு திராட்சைக் குடும்பம் இப்படி அச்சடிப்பது, எங்கள் வீட்டில் அடுப்பு கிடையாது என்று வாசலில் எழுதி மாட்டுவதற்குச் சமம். ஏன் தயாரிப்பதில்லை என்று அந்தத் தாள் சொல்லவில்லை. என் தங்கை ஒதீலின் பெயரும் அதில் இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ரெஜி எழுதாததால் நான் எழுதுகிறேன்.

எங்கள் மூவரில் ஒதீல் கடைக்குட்டி. ரெஜியைப் பர்கண்டிக்கு அனுப்பி ஒயின் படிப்பு படிக்க வைத்தார்கள். எங்கள் இருவருக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு சரி. நான் பாட்டில் கழுவவும் மூடிக்கு மெழுகு வைக்கவும் போனேன். ஒதீல் சரிவுக்குப் போனாள்.

சரிவு என்றால் சாம்பல் நிறக் களிமண், நின்றால் கால் நிற்காத செங்குத்து. டிராக்டர் ஏறாது. அதில் இருந்தது சவாஞன் கொடி, மஞ்சள் ஒயினுக்கு உரிய திராட்சை. ஒவ்வொரு மழையிலும் மண் கீழே இறங்கிவிடும். ஒதீல் அதை முதுகுக் கூடையில் அள்ளி மேலே சுமந்து கொட்டுவாள். அடுத்த மழையில் அது மறுபடி இறங்கும், இவள் மறுபடி ஏற்றுவாள். அப்பா கீழே நின்று விருந்தாளிகளிடம், "எனக்குக் கழுதைச் செலவு மிச்சம்" என்று சிரிப்பார். விருந்தாளிகளும் சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிறு விருந்தில், எல்லார் முன்னாலும், அவரே ஒதீலிடம் சொன்னார்: "சரிவுல விளைஞ்சதைத் தனியா ஆறு பீப்பாய்ல போட்டிருக்கே இல்ல? அது மஞ்சள் ஒயினா வந்துடுச்சுன்னா, சரிவு உனக்கு. நோட்டரிகிட்டப் போய் எழுதித் தர்றேன்."

"குடிச்சிட்டுச் சொல்றீங்களா, தெளிஞ்சு சொல்றீங்களா?" என்று கேட்டாள் ஒதீல்.

"தெளிஞ்சுதான்டி. உன் அக்கா சாட்சி."

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பு இல்லை. மற்ற ஊர்களில் பீப்பாயில் ஒயின் குறையக் குறைய ஊற்றி நிரப்புவார்கள். எங்கள் ஊரில் மஞ்சள் ஒயினை நிரப்பவே கூடாது. குறைந்த இடத்தில், காய்ச்சிய பாலில் படிவது போல, மேலே ஓர் ஆடை படியும். அந்த ஆடையின் கீழ் ஆறு வருடத்துக்கு மேல் யாரும் தொடாமல் கிடந்தால்தான் வால்நட்டும் வறுத்த வெந்தயமும் கலந்த அந்த மணம் வரும். நடுவில் நிரப்பியது மஞ்சள் ஒயின் ஆகாது. இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ரெஜிக்கும் தெரியும். பர்கண்டியில் படித்ததால் மறந்துவிட்டான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அவன் எதையும் மறக்கவில்லை.

ஐந்தாவது இலையுதிர்காலத்தில் விளைச்சல் அமோகம். சவாஞன் கடைசியாகத்தான் பழுக்கும். ஒதீல் அறுவடை ஆட்களோடு சரிவில் இருந்தாள். மாலையில் சேறும் கையுமாக இறங்கி வந்து நிலவறைக் கதவைத் திறந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். மணம் மாறியிருந்தது. தன் பீப்பாய் ஒன்றை விரல் முட்டியால் தட்டினாள். காலியாக இருந்து கணீரென்று கேட்க வேண்டிய மேல்பக்கம் 'தொம்' என்றது. அடுத்ததும் 'தொம்'. ஐந்தும் 'தொம்'. ஆறாவது அங்கே இல்லை.

"என்ன பண்ணுனே அண்ணா?"

ரெஜி குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "ஷார்தொனே வழிஞ்சுகிட்டு நின்னுச்சு, ஊத்த இடமில்ல. உன்னோடது எல்லாமே கொறைஞ்சு கெடந்துச்சு. ஆறையும் அஞ்சாக்கிட்டேன்."

"அது கொறைஞ்சுதான் கெடக்கணும்."

"ஒரே ஒரு பீப்பாய்தானே எடுத்தேன்? என்னமோ புள்ளையைத் தூக்கிட்டுப் போன மாதிரி முழிக்கிறே!"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன்டா, பக்கத்துல முசியே ழாக்கே வீட்டுல காலி பீப்பாய் வரிசையா அடுக்கியிருக்கே. ஒண்ணு கேட்டிருக்கக் கூடாதா?"

"அந்தாளுகிட்டப் போய் நான் கையேந்தணுமா?"

அண்டை வீட்டுக்காரரிடம் ஒரு பீப்பாய் கேட்க வெட்கம். தங்கையின் ஐந்து வருடத்தைக் கலக்கிக் கொட்ட வெட்கமில்லை.

அப்பாவிடம் போனோம். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. ரெஜி கேட்டிருக்கிறான், இவர் தலையாட்டியிருக்கிறார். கொம்தே பாலாடைக்கட்டியை வெட்டித் தின்றுகொண்டே, "ஆடைதானே, மறுபடி படிஞ்சிடும்" என்றார்.

"அப்பா, உங்க பீப்பாய்ல யாராவது இப்படிப் பண்ணியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"கையை ஒடிச்சிருப்பேன்" என்றார் யோசிக்காமல். பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. "என்னோடது வேற" என்றார்.

ஆடை மறுபடி படிந்தது, மெல்லிசாக. ஒதீல் வழக்கம்போல் கூடை சுமந்தாள். வருடம் போயிற்று. அவள் என்ன செய்யப்போகிறாள் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டிலோ எல்லாம் முடிந்துபோன மாதிரி நடந்துகொண்டார்கள். "வாயை மூடிக்கிட்டு இரு, சரிவு உனக்கு வந்துடும். யாருக்கு என்ன நஷ்டம்?" என்று ரெஜி அவளுக்கு உபகாரம் செய்வது போலச் சொன்னான்.

காலம் நிறைந்ததும் ஊர்ச் சங்கத்திலிருந்து சுவை பார்க்க மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் முசியே ழாக்கே. அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். நோட்டரியிடம் செவ்வாய்க்கிழமைக்கு நேரமும் கேட்டு வைத்திருந்தார்.

ழாக்கே முகர்ந்தார், வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினார், மறுபடி முகர்ந்தார். "வால்நட் இருக்கு. அந்த வெந்தய வாசனையும் இருக்கு. கொஞ்சம் இளசு. ஆனா மஞ்சள்தான்." மற்ற இருவரும் தலையாட்டினார்கள். "வழக்கமா கேக்கிறதுதான். நடுவுல நிரப்பலையே?"

"இல்ல" என்றார் அப்பா.

"நிரப்பினாங்க" என்றாள் ஒதீல். "அறுவடையப்போ. எங்க அண்ணன்தான். எங்க அப்பாவுக்கும் தெரியும்."

ழாக்கே கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவரும் அப்பாவும் வாழ்நாளெல்லாம் ஆகாதவர்கள். அவர் அப்போது சிரித்திருந்தால்கூட எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"ஏம்மா, நீ சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும் முசியே. அதான் சொன்னேன்."

அவர்கள் படியேறிப் போனதும் அப்பா வெடித்தார். "வீட்டு மானத்தை அந்தாள் முன்னாடி கொட்டிட்டியே! உனக்குச் சரிவு வேணாமா?"

"வேணும்ப்பா. இப்பவும் வேணும். கூடை சுமந்ததைப் பாத்துக் குடுங்க. பீப்பாயைப் பாத்துக் குடுக்க வேணாம்."

"பேச்சுன்னா பேச்சுதான். மஞ்சள் ஒயின் வரல. அதனால சரிவும் இல்ல."

இதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் முதல் முறை கேட்டது போலவே எரிகிறது. மஞ்சள் ஒயின் வராமல் செய்தவர்களே, வரவில்லை என்று தீர்ப்பும் சொன்னார்கள்.

சரிவு ரெஜிக்குப் போனது. கூடை சுமக்க ஆளில்லை, அவனும் சுமக்கவில்லை. நாலைந்து மழையில் மண் இறங்கி வேர் வெளியே வந்தது. இன்று அங்கே முள்தான் இருக்கிறது. மடிப்புத்தாளின் முகப்பில் அந்தச் சரிவின் பழைய படத்தைப் போட்டிருக்கிறான். படத்தின் ஓரத்தில், கூடையோடு முதுகு காட்டி நிற்கும் பெண் யார் என்று எழுதவில்லை.

"அந்த அஞ்சையும் என் கண்ணுல படாம தூக்கிட்டுப் போ" என்று அப்பா சொன்னதால், ஒதீல் தன் ஒயினை ழாக்கேயின் பழைய நிலவறைக்கு மாற்றினாள். அவருடைய கொடிகளில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்தாள். நானும் அவளோடு போய்விட்டேன். அந்த ஐந்து பீப்பாய் ஒயினைச் சாதாரண வெள்ளை என்றே பெயரிட்டு, சாதாரணப் பாட்டிலில் விற்றாள். தனக்கென்று சில பாட்டில்களை வைத்துக்கொண்டாள். இப்போது அவள் போடும் மஞ்சள் ஒயினைக் கேட்டு பெல்ஜியத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

போன குளிர்காலத்தில், ஞாயிறு பூசை முடிந்து அப்பா தடியூன்றி எங்கள் நிலவறைக்கு வந்தார். அதற்கு முன் வந்ததே இல்லை. அந்தப் பழைய ஐந்து பீப்பாய் ஒயினில் ஒரு வாய் கேட்டார். ஒதீல் ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்றிக் கொடுத்தாள். அவர் வெகுநேரம் முகர்ந்தார், கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கண்ணோரம் ஈரமாயிற்று. மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நான் நினைத்துவிட்டேன்.

"இதை மஞ்சள்னே வித்திருக்கலாம்டி" என்றார். "ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது."

ஒதீல் அவர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள். மீதியைச் சாக்கடையில் கொட்டினாள். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"வெளிய பனி உறைஞ்சு வழுக்குதுப்பா" என்றாள். "பாத்துப் போங்க."

நான் கதவைத் திறந்துவிட்டேன்.