ஹாஜியார் உட்காராத கதிரைகள்

தரவுத்தளம் ஒன்றைக் காப்பவனை எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது ஒருவருக்கும் ஞாபகம் வராது. ஏதாவது நின்றால்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் கண்டியில் ஒரு மருந்து மொத்த விற்பனை நிலையத்தில் அந்த வேலை பார்க்கிறேன். எங்கள் கையிருப்பு, பில், ஓடர் எல்லாம் சேர்வர் என்ற ஒரே கணினியில் இருக்கின்றன. மற்றவர்கள் தங்கள் மேசையிலிருந்து பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து அதற்குள் வருவார்கள். ஒருவர் உள்ளே வந்ததிலிருந்து வெளியேறும் வரை நீடிக்கும் அந்தத் தொடர்பைக் கலைச்சொல் அகராதி ‘அமர்வு’ என்கிறது. எங்கள் கடையில் அகராதி வாசிக்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால், எல்லோரும் ‘செஷன்’ என்கிறார்கள். அவசரமான காலை வேளையில் ‘இடமில்லை, பிறகு முயலவும்’ என்ற வாசகத்தைத் திரையில் கண்டு நெற்றியில் அடித்துக்கொண்ட அன்பர்களே, நீங்கள் தனியாக இல்லை.

லேஞ்சி போட்ட இடம்

எங்கள் மென்பொருளுக்கு வாங்கிய உரிமத்தில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு செஷன்களுக்குத்தான் இடம். ஆட்கள் அதைவிட அதிகம். குட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் நிற்குமுன்பே ஜன்னல் வழியாக லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, போட்டு இடம் பிடிக்கிற ஊர் இது. அதே கைகள்தான் அலுவலகத்துக்கும் வருகின்றன. கணக்குப் பகுதிக் கமலா, கைப்பையைக் கீழே வைக்குமுன் செஷனைத் திறப்பார். பிறகு தேத்தண்ணீர் குடிக்கப் போவார்.

அரை மணி நேரம் சும்மா கிடக்கும் செஷனைச் சேர்வர் தானாகவே வெட்டிவிடும். எனக்கு முன் இருந்த நிர்வாகி வைத்த நல்ல சட்டம். கமலா அதையும் வென்றுவிட்டார். தேத்தண்ணீர்க் கோப்பையோடு நடுவில் ஒருமுறை வந்து, ஏதாவது ஒரு மருந்தின் பெயரைத் தேடிவிட்டுப் போவார். ஒருநாள் அவர் திரும்பி வருமுன் நானே வெட்டிவிட்டு, வேலை இருப்பவருக்கு அந்த இடத்தைக் கொடுத்தேன். வந்து பார்த்தவர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார்: “லேஞ்சி போட்ட சீட்டுல யாராச்சும் ஒக்காருவாங்களா சேர்? படிச்சவங்க நீங்களே இப்படிச் செஞ்சா?”

சாப்பாட்டு நேரத்துப் பூட்டு

ஒருவர் ஒரு மருந்தின் கையிருப்பைத் திருத்திக்கொண்டிருக்கும்போது வேறொருவர் அதைத் தொடக்கூடாது. அவர் முடிக்கும்வரை சேர்வர் அதைப் பூட்டி வைக்கும். நியாயமான ஏற்பாடுதான், திருத்துகிறவர் முடிப்பார் என்று நம்பினால். களஞ்சியப் பொறுப்பாளர் தவராசா அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், வேலையில் கெட்டிக்காரர், சாப்பாட்டில் நேரம் தவறாதவர். ஒரு மதியம் பரசிட்டமோலின் எண்ணிக்கையைப் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பொதியோடு மேல்மாடிக்குப் போய்விட்டார். நாட்டில் பாதிப்பேர் விழுங்கும் மருந்து அது. கீழே பில் போடுகிற எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

யார் யாரைத் தடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் ஒன்று எனக்கு உண்டு. அதில் தவராசா அண்ணனின் பெயர் உச்சியில் இருந்தது. செஷனை வெட்டினால் அவர் காலையிலிருந்து எண்ணிய கணக்குப் போய்விடும். வெட்டாவிட்டால் கடை நிற்கும். மேலே போய்ச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்த கையை எடுக்காமலே கேட்டார்: “சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறவனை எழுப்பக்கூடாது எண்டு உங்கட பக்கத்தில சொல்லித் தாறேல்லையோ, தம்பி?”

கம்பளைக் குரல்

எங்கள் கம்பளைக் கிளையில் ஓடர் எடுப்பவர் ரிஸ்னா. குளிரூட்டியில் வைக்கும் மருந்துகளுக்கான ஓடரை, கண்டியிலிருந்து வேன் புறப்படுமுன் அவர் கணினியில் பதிய வேண்டும். பதியாத மருந்தைக் குளிரூட்டியிலிருந்து எடுக்கக்கூடாது என்பது முதலாளி ஹாஜியாரின் கட்டளை. சில மாதங்களாக ரிஸ்னாவின் ஓடர் வேன் போன பிறகே வந்தது. கம்பளை மருந்தகங்களிலிருந்து முறைப்பாடு வந்தது. இன்சுலினுக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பினார்களாம்.

ஹாஜியார் பதிவு நேரங்களைப் பார்த்தார். திங்கட்கிழமை ஓடர் நேரத்துக்கு வருகிறது. செவ்வாய் கொஞ்சம் பிந்துகிறது. வெள்ளியில் வருவதே இல்லை. வாரம் போகப் போகப் பிள்ளைக்கு வேலை அலுக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். மாத முடிவோடு ரிஸ்னாவை நிறுத்துவதாகவும், கம்பளை ஓடர்களைக் கண்டியிலேயே எடுப்பதாகவும் முடிவாயிற்று. அந்தச் சம்பளத்தில்தான் அவருடைய வீடு நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை. ரிஸ்னா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அழவில்லை. “சேர், நான் கடை தொறந்த நேரத்துல இருந்து இந்தக் கதிரையிலதான் ஈக்கிறேன். இடமில்லை, இடமில்லைண்டுதான் வருது. என்னைய நீங்க நம்ப வேணாம், அந்த மெஷின்கிட்டக் கேட்டுப் பாருங்க.”

முன் ஆசனம்

கேட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, ரிஸ்னாவுக்கு ‘இடமில்லை’ என்று வந்த அதே கணத்தில் என் பட்டியலைத் திறந்தேன். உள்ளே எட்டுப் பேர்தான் இருந்தார்கள். பன்னிரண்டு இருக்கைகள், எட்டுத் தலைகள், பஸ் நிறைந்துவிட்டது என்று நடத்துனர் சொல்கிறார். அந்தப் பட்டியலே எனக்கு முன் இருந்தவர் தயாரித்துத் தந்தது. அதைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு வரி இருந்தது: ஹாஜியாரின் பெயரைக் காட்டாதே. முதலாளி எப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஊழியர்களுக்குத் தெரியக்கூடாதாம். அரை மணி நேரச் சட்டத்திலும் அதே விலக்கு. ஹாஜியாரை வெட்டாதே.

அந்த வரியை நீக்கியதும் மிச்ச நாலு பேரும் தெரிந்தார்கள். நாலும் ஹாஜியார். அவருக்கு வெளியேறும் பழக்கம் இல்லை. விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டு வீட்டு மடிக்கணினியில் கையிருப்பைப் பார்ப்பார், மூடியைச் சாத்திவிடுவார். மறுபடி திறந்தால் புது செஷன். பழையது ஆளில்லாமல் அப்படியே இருக்கும். திங்கட்கிழமை கடை திறக்குமுன் சேர்வரை நிறுத்தித் தொடங்கும்போது எல்லாம் துடைபடும். அதனால்தான் ரிஸ்னாவுக்குத் திங்கட்கிழமை சுறுசுறுப்பு, வெள்ளிக்கிழமை சோம்பல்.

நம் பஸ்களில் மதகுருமாருக்கென்று முன் ஆசனம் ஒன்று இருக்கிறது. அது காலியாக இருந்தாலும் கர்ப்பிணி கூடத் தயங்கித்தான் உட்காருவார். அப்படி ஒதுக்கி வைக்கும்படி எந்த மதகுருவும் கேட்டதை நான் கண்டதில்லை. மரியாதை என்பது பெரும்பாலும் கொடுக்கிறவர்களின் ஏற்பாடு. வெட்டுவதற்குமுன் தவராசா அண்ணனிடம் காட்டினேன். திரையை நன்றாகப் பார்த்தார், கதவையும் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்: “நாலு ஹாஜியாரையும் நீர் வெட்டும், தம்பி. ஆனா நாலு பேரும் ஒரே ஆளாத்தான் உம்மட்ட வந்து கேப்பினம்.”

ஹாஜியாரின் அறை

யோசித்துப் பார்த்தேன். நான் இரகசியமாக வெட்டினால் அந்த வாரம் ஓடர் வரும். ஆனால் ரிஸ்னா பயந்துபோய்த் திருந்திவிட்டார் என்றுதான் ஹாஜியார் நினைப்பார். பழி அப்படியே இருக்கும். ஆகவே அடுத்த வெள்ளி காலை அவருடைய அறைக்குப் போய், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல உதவி வேண்டும் என்றேன். உதவி கேட்டால் மறுக்கிற மனிதர் அல்ல. ரிஸ்னாவைத் தொலைபேசியில் எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தேன். ஹாஜியாரும் கேட்டுக்கொண்டிருப்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். “முயற்சி பண்ணுங்க” என்றேன். “இடமில்லைண்டு வருது, சேர்” என்றது கம்பளை.

ஹாஜியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பட்டியலைச் சத்தமாக வாசித்தார். கமலா. தவராசா. வேறு சிலர். பிறகு அவருடைய பெயர். பிறகும் அவருடைய பெயர். மூன்றாவது முறை குரல் இறங்கிவிட்டது. “நான் இங்கதானே ஈக்கிறேன்? இதெல்லாம் ஆரு?” என்றார். “வீட்டில் மூடி வைத்த மடிக்கணினி, ஹாஜியார். செவ்வாய்க்கிழமை நீங்கள், புதன்கிழமை நீங்கள், நேற்றைய நீங்கள், இன்று விடியற்காலை நீங்கள்” என்றேன். வெட்டலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். செவ்வாய்க்கிழமை ஹாஜியாரை வெட்டிய அடுத்த கணமே மேசையிலிருந்து குரல் வந்தது: “சேர், உள்ளுக்கு வந்துட்டேன்!”

 வெளியே தவராசா அண்ணன் வேனில் கடைசிப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் ஹாஜியாருக்குக் கிடையாது, அன்றும் கேட்கவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்து, புறப்பட வேண்டாம் என்று சாரதிக்குக் கை காட்டினார். பிறகு தொலைபேசியின் பக்கம் குனிந்து சொன்னார்: “மகள், அவசரப்படாம எல்லாத்தையும் பதிங்க. வேன் நிக்கிது. அடுத்த மாசமும் நீங்கதான் பதிய வேணும்.”

இப்போது ஹாஜியாருக்கும் அரை மணி நேரம்தான், வெட்டுப்பட்ட ஒவ்வொரு முறையும் அறையிலிருந்து என் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று கண்டி முழுவதற்கும் கேட்கும்படி அறிவிக்கிற முதலாளி எத்தனை பேருக்குக் கிடைப்பார்?