வெண்டைப் பாத்தியில் அண்ணன்

வீட்டுக்குப் பின்னால் ஐந்து பாத்தி வெண்டை போட்டிருந்தோம். செடியைத் தொட்டால் போதும், இலைக்கு அடியிலிருந்து வெள்ளை ஈ மாவு தூவியதுபோலக் கிளம்பும். ஏரியூரில் கடைக்குப் போனால் மருந்து தருவார்கள்தான். ஆனால் என் மகள் பிஞ்சு வெண்டைக்காயைச் செடியிலிருந்தே பறித்துக் கடித்துக்கொண்டு திரிகிறவள். அவளைத் தடுப்பதைவிட ஈயைத் தடுப்பது சுலபம்.

மஞ்சள் நிறத்தைத் தேடி வெள்ளை ஈ வரும், அதில் விளக்கெண்ணெய் பூசி வைத்தால் ஒட்டிக்கொண்டு செத்துவிடும் என்று என் கணவர் போனில் பார்த்துச் சொன்னார். மஞ்சள் அட்டைக்கு எங்கே போவது என்று நான் யோசிப்பதற்குள், விறகின் மேல் மழைக்குப் போர்த்தியிருந்த ஃப்ளெக்ஸ் பேனரை உருவிக்கொண்டு வந்துவிட்டார்.

மகளின் காதுகுத்துக்கு என் அண்ணன் வைத்த பேனர் அது. தாய்மாமன் அல்லவா, முழுக்க மஞ்சளில் நடு நாயகமாக மஞ்சள் சட்டை போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். காது குத்தப்பட்ட குழந்தையும் நாங்களும் கீழே ஒரு சிவப்புப் பட்டையில் அடங்கியிருந்தோம்.

"அண்ணன் மூஞ்சிய மட்டும் விட்டுட்டு வெட்டுங்க."

"அத விட்டா அப்பறம் பேனர்ல என்ன இருக்குது?" என்றார் கணவர்.

துண்டுகளை வெட்டி எண்ணெய் பூசிக் குச்சிகளில் கட்டினோம். அண்ணன் முகம் நடுப் பாத்திக்கு அமைந்தது. சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். காற்று திருப்பிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போய்விட்டு அண்ணன் சொல்லாமல் வந்து நின்றார், கையில் மீன் பையோடு. கை கழுவப் பின்பக்கம் போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார்.

"ஏம்மா... இங்க வா."

போனேன். மீசை முழுக்க ஈ. ஒரு கண் அடைத்தே போயிருந்தது. படத்தில்தான்.

"உசுரோட இருக்கறவன் மூஞ்சில ஈ மொய்க்க வெச்சிருக்கீங்களே!"

என் கணவர் வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

"மருந்தடிச்சா பாப்பாவுக்கு ஆவாதுங்ண்ணா. மஞ்சக் கலருக்குத்தான் ஈ வருது, உங்க மூஞ்சிக்கு இல்ல."

"அப்ப மாப்ள மூஞ்சி எங்க?"

"அவரு செவப்புல இருக்காருங்ண்ணா. செவப்புக்கு வராது."

அவர் நம்பவில்லை. பாத்தி பாத்தியாக நடந்து ஒவ்வொரு துண்டையும் குனிந்து பார்த்தார். 'அன்புடன் அழைக்கும்' என்ற எழுத்துகளில் அங்கொன்றும் இங்கொன்றும்தான் ஒட்டியிருந்தன. திரும்பித் தன் முகத்திடம் வந்தார். கோபம் இறங்குவது தெரிந்தது.

"நம்மளுதுலதான் ஜாஸ்தி, இல்ல?"

"ஆமாங்ண்ணா."

நடுப் பாத்தி என்பதால் அப்படி என்று நான் சொல்லவில்லை.

"மாப்ள, போன வெச்சுட்டு எண்ண எடுத்துட்டு வாங்க. காஞ்சு போச்சு." பழைய துணியால் மீசையைத் துடைத்து, தானே எண்ணெய் பூசிவிட்டார். பிறகு சிவப்புப் பட்டையைத் தேடி எடுத்து, என் கணவரின் முகத்தை மட்டும் வெட்டி, அதற்கும் எண்ணெய் பூசிப் பக்கத்துக் குச்சியில் கட்டினார். அதன் பிறகுதான் மீன் சாப்பிட உட்கார்ந்தார்.

சில செடிகள் இலை மஞ்சளாகிப் பழுத்துப்போனதால் பிடுங்கிப் போட்டோம். மற்றதெல்லாம் நன்றாகக் காய்த்தது. அண்ணன் அடிக்கடி போன் செய்தார். வெண்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"மாப்ள மூஞ்சில ஏதாச்சும் உளுந்துச்சா?"

"ஒரு கொசுங்ண்ணா."

"அது தானா செத்துருக்கும்" என்றார்.