கற்பனை ஊரும் கிழக்கு மூலையும்

பிள்ளைகளே, அன்று பெரியவள் வீட்டில் போட்ட கற்பனை ஊர்க் கணக்கைப் பற்றித்தான் அப்பா எழுதுகிறேன்.

திண்டிவனம் கல்லூரியில் பெரியவளுக்குக் கொடுத்த கணக்கு அது. இல்லாத ஓர் ஊர். அங்குள்ள தாய்மார் பெற்ற பிள்ளைகள் இத்தனை, இப்போது உயிரோடிருப்பவர்கள் இத்தனை என்று கொடுத்திருந்தார்கள். கழித்து, ஆயிரத்துக்கு எத்தனை குழந்தைகள் இறந்தன என்று மதிப்பிட வேண்டும். நான் பத்தாவதோடு நின்றவன். வகுத்தல் சரியா என்று மட்டும் பார்த்தேன்.

சின்னவன் சும்மா இருக்கவில்லை. "இல்லாத ஊர்ல இல்லாத புள்ளைங்க செத்ததுக்கு இன்னாத்துக்கு இப்பிடி மண்டைய ஒடச்சிக்கினு கீற?"

"போடா, வாய்ப்பாடே வராது உனக்கு" என்றாள் பெரியவள்.

அடுத்து, சொந்தத் தெருவிலும் நாலு வீட்டில் கேட்டு வரச் சொல்லியிருந்தார்கள். ஒத்திகையாகப் பெரியவள் முதலில் அம்மாவிடம் கேட்டாள். அம்மா விதைக்கடலைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குப் பொறந்தது எத்தினிங்க?"

உரித்த கை நின்றது. "ரெண்டு."

"உசுரோட இருக்கறது?"

"எதிர்லதான் ஒக்காந்துகினு கீதுங்க. எண்ணிக்கோ."

நீங்கள் சிரித்தீர்கள். "நம்ம வூட்ல சைபர்" என்று பெரியவள் எழுதிக்கொண்டாள். அம்மா மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

உங்களுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது. நம் பக்கத்தில் பேர் வைக்கும் முன் போன பிள்ளையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நர்ஸம்மா கேட்டாலும் சரி, உறவு கேட்டாலும் சரி, அம்மா இரண்டு என்றுதான் சொல்வாள். பொய் சொல்வதாக அவள் நினைப்பதில்லை. மற்ற வீடுகளிலும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆகவே, பெரியவளே, நம் தெருவில் நீ போட்ட மதிப்பீடு குறைவாகத்தான் இருக்கும். கேட்கும்போது, பிறந்து சில நாளில் போனது உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும். அதையும் மெதுவாகக் கேள்.

நம் கொல்லையில் கிழக்கு மூலையை ஏன் உழாமல் விடுகிறோம் என்று சின்னவன் கேட்பான். பாறை என்று சொல்லியிருக்கிறேன். பாறை இல்லை. அங்கேதான் புதைத்தோம்.

மறுநாள் நீங்கள் பஸ் ஏறிய பிறகு தனியாக அங்கே போனேன். கோரை மண்டிக் கிடந்தது. மண்வெட்டியை வரப்பிலேயே வைத்துவிட்டு, கையாலேயே பிடுங்கினேன்.