கையெழுத்துப் போடாமல் நின்ற முக்கால் மணி நேரம்

சபையாரே, சாட்சியைச் சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அது வராது. ஆறு மாதமாகியும் கோபம் அடங்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நூம்பலில் இருக்கிறோம். ஒரே மகள் கிரேசி, பதினோரு வயது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து வயிற்றுவலியில் துடித்தாள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேனா? இல்லை. பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்த எண்ணெயைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பைத்தியக்காரி! மதியம் உடம்பு நெருப்பாய்க் கொதித்த பிறகுதான் குமணன்சாவடியில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். குடல்வால் வெடித்துவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். கையெழுத்துப் போடச் சொல்லி நர்ஸ் தாளை நீட்டினாள்.

நான் போடவில்லை. பாஸ்டர் வந்து பிள்ளையின் தலையில் கை வைக்காமல் கத்தி படக் கூடாது என்றேன். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதென்றாலும், வண்டி வாங்குவதென்றாலும் எங்கள் வீட்டில் முதலில் அவர் கை பட வேண்டும். அப்படியே பழகிவிட்டேன்.

போன் போட்டேன், போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர்கூட இருக்கும் தம்பி எடுத்து, "ஐயாவால இப்ப பேச முடியாதுக்கா" என்று வைத்துவிட்டார். எனக்கு வந்ததே ஒரு கோபம்! இத்தனை வருஷம் இந்தச் சபையைப் பெருக்கிக் கழுவியவள் நான். என் பிள்ளை சாகக் கிடக்கிறாள், இவரால் பேச முடியாதாமா?

லாரியோடு வேலூர் தாண்டிப் போயிருந்த என் வீட்டுக்காரர் போனில் கத்தினார். "இன்னாடி பண்ணிகினு கீற அங்க? டாக்டர் சொன்னா போட்டுத் தொலையேன்! உன் சாமிக்கு நீ சொன்னா காது கேக்காதா? பாஸ்டர் சொன்னாத்தான் கேக்குமா?"

ஞானஸ்நானம் எடுக்காத மனுஷன் கேட்ட கேள்வி. செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று, எல்லாரும் பார்க்க ஆண்டவரிடம் சண்டை போட்டேன். "நீர்தானே எங்களுக்காகப் பிதாவிடம் பரிந்து பேசுகிற, என்றைக்கும் மாறாத பிரதான ஆசாரியர்? பழைய ஆசாரியர்களெல்லாம் செத்துப்போனார்கள், நீர் சாவை ஜெயித்து உயிரோடு இருக்கிறீர் என்று ஆமென் போட்டேனே! அவர்கள் தினமும் பலியிட்டும் தீராத பாவத்தை, உம்மையே ஒரே தரம் பலியாகக் கொடுத்துத் தீர்த்தீரே! அப்படியானால் என் பிள்ளைக்காகப் பிதாவிடம் நீர் பேசும்! இப்பவே பேசும்!"

பிள்ளையின் தலையில் என் கையையே வைத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

ஆண்டவர் பிதாவிடம் பேசினார். கிரேசி பிழைத்தாள். "இன்னும் கொஞ்சம் லேட் பண்ணியிருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டர். முக்கால் மணி நேரம் நான் நிறுத்தி வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

பத்தாம் நாள் பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். திட்ட வேண்டியதையெல்லாம் நெஞ்சில் அடுக்கி வைத்திருந்தேன். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கையில் டிரிப்ஸ் ஊசி குத்திய இடம் கன்றிப்போயிருந்தது. "அன்னிக்கு டெங்கு வந்து நெனப்பில்லாம ஆவடி ஆஸ்பத்திரியில கெடந்தேம்மா. இன்னும் ஒடம்பு தேறல. எனக்காக ஜெபம் பண்ணும்மா" என்றார்.

பாவம், அவரும் மனுஷன்தானே. அவரை ஆண்டவர் இடத்தில் வைத்தது யார்? நான்தான்.

அவருக்காக ஜெபித்தேன், பக்கத்தில் உட்கார்ந்து கிரேசியும் ஜெபித்தாள்.

சபையாரே, பாஸ்டரிடம் ஜெபம் கேளுங்கள், தப்பில்லை. அவருக்காகவும் ஜெபியுங்கள். பிள்ளைக்கு முடியவில்லை என்றால் டாக்டரிடம் ஓடுங்கள், ஓடும்போதே நம் ஆசாரியரிடம் நீங்களே பேசுங்கள். அவர் காய்ச்சலில் படுக்கிறவர் இல்லை. வேறு யார் கைக்காகவும் பிள்ளையைக் காக்க வைக்காதீர்கள்.