ஓரடி வலப்புறம்

வெள்ளைத் தாளில் ஒரு கறுப்பு வட்டம். அதன் நடுவுக்கு இரண்டு விரல் மேலே மூன்று துளைகள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன. நூறு யார், அதாவது முன்னூறு அடி தூரத்திலிருந்து சுட்டவை; தூரம் கூடினால் தோட்டா தாழும் என்பதால் வேண்டுமென்றே மேலே வைத்தவை. அத்தான் அந்தத் தாளைப் பலகையிலிருந்து கழற்றி, மடிப்பு விழாமல் காரின் பின் இருக்கையில் விரித்து வைத்தார். "இனி உந்தத் திருகாணியளை ஒருத்தரும் தொடப்படாது" என்றார். துவக்கின் மேல் பூட்டியிருந்த, குறிபார்க்கும் ஸ்கோப்பின் திருகாணிகளைத்தான் சொன்னார். அக்டோபர் மாதம், நகரத்துக்கு வடக்கே ஒரு சுடுகளத்தின் வாகனத் தரிப்பிடம். குளிரில் அவருடைய மூக்கு நுனி சிவந்திருந்தது. அவ்வளவு சந்தோசமாக அவரை நான் கண்டதில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். மன்னாரில் பிறந்தவர். புலம்பெயர்ந்து வந்து, மார்க்கம் என்ற நகரில், விமானங்களுக்கு உலோகப் பாகங்கள் கடையும் தொழிற்சாலையில் இருபது வருடங்களாக லேத் இயந்திரம் ஓட்டியவர். தலைமயிரில் பாதி அளவு பிழைத்தாலும் பாகத்தைக் கழித்துவிடுவார்கள். அவருடைய பாகங்கள் கழிவது அபூர்வம். என்னை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவரே. சேர்ந்த முதல் மாதம் நான் ஓர் அளவைப் பிழையாக வைத்து ஒரு பெட்டி நிறையப் பாகங்களைப் பாழாக்கினேன். அத்தான் எனக்காக மனேஜரின் அறைக்குப் போய்ப் பேசினார். பிறகு ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் அன்றிலிருந்து என் இயந்திரத்தைக் கடந்துபோகும்போதெல்லாம் நின்று, நான் வைத்த அளவை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவார். அது எனக்குள் முள்ளாகவே இருந்தது.

தொழிற்சாலையில் எங்கள் வேலையை மேற்பார்த்த போர்மன் ஒரு வெள்ளைக்காரர். ஒவ்வொரு வருடமும் மான் வேட்டை முடிந்து வந்ததும் அத்தானுக்கு ஒரு பொதி இறைச்சி கொடுப்பார். ஒரு வருடம், "நீயும் வாவேன்" என்றார். அத்தான் என்னையும் இழுத்துக்கொண்டு போய்த் துவக்குப் பாதுகாப்பு வகுப்பில் சேர்த்தார். இருவரும் சோதனை எழுதி அனுமதிப் பத்திரம் எடுத்தோம். அக்காவுக்கு இது அறவே பிடிக்கவில்லை.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இப்ப நீங்களே வாங்கி வீட்டுக்கை கொண்டுவந்து வைக்கப்போறியளோ?"

"அது வேறை, இது வேறையப்பா" என்றார் அத்தான்.

"சத்தம் ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டு அக்கா மேல்மாடிக்குப் போய்விட்டாள்.

துவக்கைத் தேர்ந்தெடுக்க அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது. கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு தோளுக்கு ஏற்றுவார். பிறகு கண்ணைத் திறப்பார். கழுத்தை வளைக்காமலே ஸ்கோப்பின் நடுவில் கண் விழுந்தால்தான் அந்தத் துவக்கின் பிடிக்கட்டை அவருடைய உடம்புக்குப் பொருத்தமானது. போர்மன் பெரிய ரவைத் தோட்டா போடும் துவக்கை வாங்கச் சொல்லியிருந்தார். அத்தான் மறுத்துவிட்டு, சுடும்போது தோளில் அதிகம் உதைக்காத, நடுத்தர ரவை போடும் ஒன்றை எடுத்தார். காரணம் கேட்டேன்.

"பெரிசெண்டால் உதைக்குப் பயந்து கண்ணை மூடுவன். கண்ணை மூடினால் பிழையான இடத்திலை படும். மிருகம் உடனை சாகாது. கிடந்து வருத்தப்படும்."

பிறகு சுடுகளம். முதலில் இருபத்தைந்து யாரில், அடுத்துத்தான் நூறு யாரில். மணல் மூட்டையின் மேல் துவக்கைக் கிடத்தி மூன்று வெடி வைப்பார். குழல் ஆறும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். துளைகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று அளந்து, ஸ்கோப்பின் திருகாணியை ஒவ்வொரு சொடுக்காகத் திருப்புவார். ஒரு சொடுக்கு, நூறு யாரில் கால் அங்குலம். மூன்று சனிக்கிழமைகள் இதற்கே போயின. கடைசி நாள் துவக்கைப் பெட்டிக்குள் வைக்கும்போது, "விழுந்தாலோ எங்கையும் அடிபட்டாலோ திரும்பச் சுட்டுப் பாக்கவேணும். கண்ணாலை பாத்து ஒண்டும் தெரியாது" என்றார்.

நவம்பரில் போர்மனின் மரக்குடிலுக்குப் போனோம். வடக்கே மூன்று மணி நேர ஓட்டம். நாங்கள் போய்ச் சேரும்போது பிற்பகல் மூன்று மணி இருக்கும். அத்தானும் போர்மனும் அடுத்த நாளுக்கு இடம் பார்க்கக் காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். சாமான்களை உள்ளே எடுத்து வைப்பது என் வேலை. துவக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது உறைபனியில் கால் சறுக்கியது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பெட்டி பக்கவாட்டாகப் போய்க் கீழே இருந்த கருங்கல்லில் மோதியது.

உள்ளே கொண்டுபோய்த் திறந்து பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. கண்ணாடி உடையவில்லை. சுட்டுப் பார்க்க நேரம் இருந்தது. வெளிச்சம் இன்னும் ஒன்றரை மணி நேரம் நிற்கும். போர்மன் குடிலுக்குப் பின்னால் ஒரு மண்மேட்டில் பலகைகூட நட்டு வைத்திருந்தார். நான் செய்ய வேண்டியிருந்தது ஒரு வசனம் சொல்வது மட்டும். இருட்டுமுன் அத்தான் திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றியபோது அந்த வசனம் வாய்வரை வந்தது. என் இயந்திரத்தருகே நின்று அவர் பார்க்கும் பார்வையை நினைத்தேன். விழுங்கிவிட்டேன்.

விடிந்து ஒரு மணி நேரத்தில் மான் வந்தது. கலைமான். எண்பது யார் இருக்கும். வலப்புறம் பார்த்தபடி, தலையைத் தாழ்த்தி நெஞ்சின் முன்புறத்தை நக்கிக்கொண்டு நின்றது. அத்தான் அவசரப்படவில்லை. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சைக் குறிவைத்துச் சுட்டார். மான் பின்னங்கால்களில் எழும்பித் திரும்பிப் பாய்ந்து மறைந்தது. அது நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தோம். பனியில் இரத்தத்தோடு எலும்புச் சில்லும் இரண்டு பற்களும் கிடந்தன. அத்தான் குனிந்து ஒரு பல்லைக் கையில் எடுத்தார்.

இரத்தத் தடத்தில் மதியம் வரை நடந்தோம். ஒரு சதுப்பு நிலத்துக்கு அப்பால் அதை மறுபடி கண்டோம். கீழ்த்தாடை உடைந்து தோலில் தொங்கியது. ஓரத் தண்ணீரில் முகத்தை வைப்பதும் எடுப்பதுமாக நின்றது, குடிக்க முடியவில்லை. அத்தான் ஒரு மரத்தில் துவக்கைச் சாய்த்து இரண்டு முறை சுட்டார். இரண்டும் படவில்லை. மான் பற்றைக்குள் நுழைந்தது. அதன்பின் தடமும் இல்லை. வேறிடத்தில் காத்திருந்து, வெடிச் சத்தம் கேட்டு வந்து சேர்ந்த போர்மன் பற்றைகளை வெகுநேரம் துழாவிப் பார்த்துவிட்டு, இந்தக் காயத்தில் உடனே சாகாது, பட்டினியில்தான் சாகும், ஒரு கிழமைக்கு மேலும் ஆகலாம் என்றார்.

காரில் வரும்போது அத்தான் ஒரே ஒரு விசயம்தான் பேசினார். "அப்பாவுக்கும் அம்பத்தாறிலைதான் கை நடுங்கத் தொடங்கினது." அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. நடுக்க நோயில் பத்து வருடம் கிடந்து செத்த தகப்பனைப் பார்த்தவர். நான் கார்க் கண்ணாடியில் உருகும் பனியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதன்பிறகு தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். டொக்டர் ஒன்றுமில்லை என்றார். ஸ்பெசலிஸ்ட்டும் ஒன்றுமில்லை என்றார். அவர் நம்பவில்லை. தானே கேட்டு லேத்தை விட்டுப் பொதி கட்டும் பகுதிக்கு மாறினார். துவக்கைப் போர்மனுக்கு விற்றார். நான் எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஸ்கோப் விலகியிருக்காது, அவருடைய கைதான் பிழைத்திருக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

இரண்டாவது வருடம், ஓய்வுபெற்றுவிட்ட போர்மனை ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் ஒரு கோப்பிக் கடை வாசலில் சந்தித்தேன். பேச்சோடு பேச்சாக, அந்தத் துவக்கை இப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்துச் சுட்டுப் பார்த்ததாகச் சொன்னார். ஸ்கோப் விலகி, நூறு யாரில் ரவை குறிக்கு ஓரடி வலப்புறம் பட்டதாம். "யாரோ நல்லாக் கீழே போட்டு அடித்திருக்கிறார்கள்" என்று சிரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் பின்வளவில் இலை வாரிக்கொண்டிருந்தார்.

"அத்தான், அண்டைக்கு நான் துவக்கை விழுத்திப்போட்டன். சுடுறதுக்கு முதல் நாள். படியிலை சறுக்கி."

வாரியை நிறுத்தினார். "எத்தினை மணிக்கு?"

"மூண்டரை இருக்கும்."

"அப்ப வெளிச்சம் இருந்தது."

"ஓம்."

"ரெண்டு ரவை போதும் எனக்கு, சரிபண்ண."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நல்லது. கையுறையைக் கழற்றி, வலது கையை விரித்துப் பார்த்தார். அது அசையாமல் இருந்தது.

"ரெண்டு வருசம் உந்தக் கையைப் பாத்துக்கொண்டிருந்தன். அது பறவாயில்லை, என்ரை கைதானே. அந்த மான் எத்தினை நாள் கிடந்திருக்கும் எண்டு நீ ஒருக்காலாவது யோசிச்சனியோ?"

"ஓம்" என்றேன்.

பொய். அந்த நிமிடம் வரை நான் யோசித்ததெல்லாம் அவரையும் என்னையும் பற்றித்தான். பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையுறையை மாட்டிக்கொண்டு இலைகளை அள்ளத் தொடங்கினார். பையின் வாயை விரித்துப் பிடிக்க நான் கை நீட்டினேன்.

"விடு" என்றார். "நான் பாக்கிறன்."