மரியதாஸ் சார் சொல்லும் டீ

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்துவிட்டால், மரியதாஸ் சார் மார்க்கைப் பார்த்து முடித்துவிட்டார் என்று அர்த்தம். துடைத்து மாட்டிக்கொண்டு வேடியப்பன் பக்கம் திரும்பி, "ஒரு டீ போடப்பா" என்று சொன்னாரோ, தொலைந்தது. அந்தப் பிள்ளைக்கு சீட் இல்லை. டீ சொல்லாமல், "அப்ளிகேஷன் போடுங்க" என்றால் நம்பிக்கை இருக்கிறது. ஏற்காட்டுக்கே தெரிந்த கணக்கு இது.

சார் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவர். பிளஸ் டூ ரிசல்ட் பேப்பரில் வந்துவிட்டால் போதும், சாயங்காலமெல்லாம் பஸ் ஸ்டாண்டில் வேடியப்பனின் டீக்கடை பெஞ்சுதான் அவருக்கு. போன வருஷம் மெடிக்கல் எந்த மார்க்கோடு நின்றது, கோயமுத்தூர் விவசாயக் காலேஜ் எதில் நின்றது, எல்லாம் விரல் நுனியில் இருக்கும். இந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. என்றைக்கோ சும்மா ஒருத்தருக்குச் சொன்னார், அப்படியே பலித்துவிட்டது, மாட்டிக்கொண்டார். "நானா சீட் குடுக்கறேன்? என்னைய எதுக்குங்க கேக்கறீங்க?" என்று அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே மார்க் ஷீட்டுக்குக் கையை நீட்டுவார்.

ஒல்லி ஆள். கோடையிலும் கழுத்தை விட்டு மப்ளர் இறங்காது. வயிற்றில் புண் என்று டாக்டர் டீயை அறவே நிறுத்திவிட்டார். ஆகவே ஊருக்கெல்லாம் டீ சொல்லிவிட்டு, தான் மட்டும் வெந்நீரை ஊதி ஊதிக் குடிப்பார்.

"கிடைக்கும்" என்ற வார்த்தை அவர் வாயில் வராது. ஒரு வருஷம் ஒரு பையனுக்கு அப்படிச் சொல்லி, அது தவறிப்போய், அவனுடைய அப்பா இன்றைக்கும் இவரைக் கண்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார். "கிடைக்காது" என்று சொல்லவும் மனசு வராது. அதற்குத்தான் டீ. அந்த மனுஷனைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கும்.

போன வாரம் ஒரு தூறல் சாயங்காலம். நாகலூர் எஸ்டேட்டில் வேலை செய்யும் மாதப்பன் தன் மகனுடைய மார்க்கோடு வந்திருந்தார். சார் கண்ணாடியைத் துடைத்தார், டீ சொன்னார். மாதப்பன் டீ வருவதற்குள் எழுந்து போய் நாகலூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அவர் எழுந்த இடத்தில் செம்மநத்தம் வெள்ளையம்மாள் நனைந்த சேலையோடு வந்து உட்கார்ந்தாள். மகள் வரவில்லையா என்று சார் கேட்டார்.

"ராசாத்தி வர்லீங்க சார். டீ கெளாசப் பாத்தா அங்கயே அழுதுருவேங்குது. நீயே போயி கேட்டுட்டு வான்னு ஊட்டுலயே உக்காந்துக்கிச்சுங்க."

விவசாயக் காலேஜுக்குத்தான் அந்தப் பெண் ஆசைப்படுகிறாளாம். அது இல்லையென்றால் ஆவணியில் கல்யாணம். மாமன் வீட்டில் பேசி முடித்துவிட்டார்களாம்.

சார் மார்க் ஷீட்டைப் பிரித்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் எட்டிப் பார்த்தேன். உயிரியலில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்று இரண்டு. மற்றதும் அதற்குக் குறைவில்லை. நுழைவுத் தேர்வு மார்க்கையும் கேட்டு, உதட்டுக்குள்ளேயே கூட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

அந்த நேரம் பார்த்தா வேடியப்பன் வர வேண்டும்! மாதப்பனுக்குச் சொன்ன டீயைக் கொண்டுவந்தவன், பெஞ்சில் ஆள் மாறியதைக் கவனிக்காமல் வெள்ளையம்மாள் முன்னால் டக்கென்று வைத்துவிட்டான்.

அவள் டீயைப் பார்த்தாள். அழவில்லை.

"செரிங்க சார். நான் போயி சொல்லிக்கறனுங்க."

மார்க் ஷீட்டுக்காகக் கையை நீட்டினாள். வேடியப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றான். அது உனக்கு வந்த டீ இல்லை அம்மா என்று நானாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

சார் கண்ணாடியைக்கூட மாட்டிக்கொள்ளவில்லை. அந்த கிளாஸைத் தன் பக்கம் இழுத்தார். கொதிக்கக் கொதிக்க, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அத்தனையையும் தானே குடித்துவிட்டு, காலி கிளாஸை அவள் முன்னால் கவிழ்த்து வைத்தார்.